வாய் திறவாத பாரிஸ்டர்

கனடாவில் வாழும் உறவினர் ஒருவர் அண்மையில் தொலைபேசியில் நெடுநேரம் கதைத்தார். அவருடைய மகனுக்குப் பதினொரு வயது. படிப்பில் கெட்டிக்காரன். ஆனால், வகுப்பில் கையை உயர்த்திப் பேசுவதில்லை என்றும் பிறருடன் கலந்து பழகும் தன்மை போதாது என்றும் பாடசாலை அறிக்கையில் எழுதியிருக்கிறார்களாம். மாலைநேரப் பேச்சுப் பயிற்சி வகுப்பொன்றில் சேர்த்துவிட்டிருக்கிறார். வகுப்பு நடைபெறும் நாட்களில் பையன் மதியத்திலிருந்தே சாப்பிட மறுக்கிறானாம். "இவனை எப்படித் திருத்துவது?" என்று கேட்டார். அந்தத் 'திருத்துவது' என்ற சொல் என்னை உறுத்தியது. அச்சுப்படிகளில் பிழை திருத்தியே ஆயுளில் பெரும்பகுதியைக் கழித்தவன் என்பதாலோ என்னவோ, எது பிழை, எது பிழையல்ல என்பதில் எனக்குச் சற்றுப் பிடிவாதம் உண்டு.

நானும் கூச்ச சுபாவம் உடையவனே. பத்திரிகைத்துறையில் காலடி வைத்த ஆரம்ப நாட்களில், பத்திரிகையாளர் மகாநாடுகளில் பின்வரிசையில் அமர்ந்து குறிப்பெடுப்பேனே தவிர, எழுந்து கேள்வி கேட்டதில்லை. வாயில்லாதவனுக்கு இந்தத் தொழில் சரிவராது என்று மூத்தவர் ஒருவர் எல்லோர் முன்னிலையிலும் கூறியது இன்னும் ஞாபகத்தில் இருக்கிறது. அவர் கூறியதில் பாதி உண்மை. மறுபாதியைக் காலம்தான் எனக்குக் கற்பித்தது. உரத்துக் கேட்டவர்களிடம் சொல்லாத பலவற்றை, கூட்டம் கலைந்த பின்னர் ஓரமாக நின்றவனிடம் சிலர் சொல்லியிருக்கிறார்கள்.

உறவினருக்கு உடனடியாகப் பதில் கூற இயலவில்லை. அன்றிரவு காந்தியின் சுயசரிதையை எடுத்து, லண்டன் வாழ்க்கை பற்றிய அத்தியாயங்களை மீண்டும் வாசித்தேன். பொதுவாழ்வின் பெருந்தலைவர்களுள் தனது கூச்சத்தைப் பற்றி அவரளவுக்கு ஒளிவுமறைவின்றி எழுதியவர் வேறெவரும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. அதற்கென ஓர் அத்தியாயத்தையே அவர் ஒதுக்கியிருக்கிறார்.

ராஜ்கோட்டில் படித்த நாட்களில், மணி அடிக்கும் வேளைக்குப் பாடசாலைக்குச் சென்று, விட்டவுடனே வீட்டுக்கு ஓடிவிடுவது அவரது வழக்கம். வழியில் யாராவது பேச்சுக் கொடுத்துவிடுவார்களோ, கேலி செய்துவிடுவார்களோ என்ற நினைப்பே காரணம். 1888 செப்டெம்பரில் பம்பாயில் கப்பலேறிய போதும் அந்தச் சுபாவம் கூடவே சென்றது. எந்த உணவில் மாமிசம் கலக்கவில்லை என்று பரிசாரகரிடம் கேட்கக் கூசியதால் உணவுக்கூடத்துக்கே செல்லாமல், வீட்டிலிருந்து கொண்டுவந்த இனிப்புப் பண்டங்களையும் பழங்களையும் தனது அறையிலேயே உண்டு பயணம் செய்தார்.

லண்டனில் அவர் மரக்கறி உணவாளர் சங்கத்தின் நிர்வாகக் குழுவுக்குத் தெரிவுசெய்யப்பட்டார். ஒவ்வொரு கூட்டத்துக்கும் தவறாது செல்வார். ஒரு வார்த்தையும் பேசமாட்டார். சங்கத்தின் பத்திரிகையாசிரியரான டாக்டர் ஜோசையா ஓல்ட்பீல்ட், என்னிடம் நன்றாகப் பேசுகின்ற நீர் குழுவில் ஏன் வாய் திறப்பதில்லை என்று கேட்டு, தேன்கூட்டில் வேலை செய்யாதிருக்கும் ஆண் தேனீயுடன் அவரை ஒப்பிட்டுக் கேலி செய்தார். அதே ஓல்ட்பீல்டின் பத்திரிகையில்தான் 1891 பெப்ரவரியிலிருந்து இந்தியர்களின் உணவுப் பழக்கம் பற்றிய தொடர் ஒன்றை அந்த 'வேலையற்ற தேனீ' எழுதியது. காந்தியின் எழுத்து முதன்முதலாக அச்சேறியது அங்கேயே.

நிர்வாகக் குழுவில் அந்த ஆண்டு ஒரு பிணக்கு மூண்டது. சங்கத்தின் தலைவர் ஆர்னோல்ட் ஹில்ஸ் ஒரு பெரிய கப்பல் கட்டும் நிறுவனத்தின் அதிபர். (அந்த நிறுவனத்துத் தொழிலாளர்களுக்காக அவர் 1895 இல் ஆரம்பித்த உதைபந்தாட்டக் கழகமே பின்னர் வெஸ்ட் ஹாம் யுனைட்டட் ஆனது. லண்டன் வாழ் நம்மவர் பலருக்கு இது செய்தியாக இருக்கலாம்.) சங்கம் பெரிதும் அவருடைய பணத்தில்தான் இயங்கியது. உறுப்பினரான டாக்டர் அலின்சன் செயற்கைக் கருத்தடையைத் தொழிலாளர் மத்தியில் பரப்பிவந்தார். ஒழுக்கக் கட்டுப்பாட்டில் இறுக்கமான ஹில்ஸுக்கு இது பொறுக்கவில்லை. அலின்சனைச் சங்கத்திலிருந்து விலக்கத் தீர்மானம் கொண்டுவந்தார்.

காந்திக்கும் அலின்சனின் கருத்தில் உடன்பாடில்லை. ஹில்ஸ் மீது அவருக்கு மிகுந்த மதிப்பும் இருந்தது. ஆயினும், மரக்கறி உணவைப் பரப்புவதற்கென அமைந்த சங்கம், வேறொரு விடயத்தில் தலைவரின் கொள்கையை ஏற்காத ஒருவரை வெளியேற்றுவது நியாயமல்ல என்று அவர் கருதினார். மௌனமாக இருந்து வாக்களித்துவிட்டுச் செல்வது அவருக்குப் பிடிக்கவில்லை. எழுந்து பேசவும் இயலவில்லை. எனவே தன் கருத்தை எழுதிக்கொண்டு கூட்டத்துக்குச் சென்றார். எழுதியதை வாசிக்கக்கூட அவருக்குத் துணிவு வரவில்லை. தலைவர் அதை இன்னொருவரைக் கொண்டு வாசிப்பித்தார். அலின்சன் அன்று தோற்றார். இருபத்தொரு வயது நிரம்பிய, வெள்ளையரல்லாத ஒரு மாணவர், அந்தச் சங்கத்துக்குப் படியளந்தவரை எதிர்த்து அவருடைய மேசையிலேயே கடதாசியை வைத்ததை நாம் என்னவென்று அழைப்பது? கோழைத்தனம் என்று எவரும் சொல்லமாட்டார்கள். ஆனால், அந்தக் கடதாசியை வைக்கும்போது அவருடைய கை நடுங்கியிருக்கும் என்பதிலும் சந்தேகமில்லை.

வென்ட்னரில் நடந்த ஒரு கூட்டத்தில் அவர் எழுதிக்கொண்டு சென்ற உரை ஒரு தாளுக்கு மேற்படவில்லை. எழுந்து நின்றதும் கண் மங்கி உடல் நடுங்கியது. உடன் சென்ற நண்பர் வாசித்து முடித்தார். 1891 ஜூனில் நாடு திரும்புவதற்கு முன் ஹோபர்ன் உணவகத்தில் நண்பர்களுக்கு அளித்த விருந்தில் நடந்தது இன்னும் சுவையானது. ஆங்கில எழுத்தாளர் அடிசன் நாடாளுமன்றத்தில் தனது கன்னிப் பேச்சை 'நான் கருதுகிறேன்' என்று மூன்று முறை ஆரம்பித்து மேலே செல்ல முடியாமல் நின்றாராம். அந்த ஆங்கிலச் சொல்லுக்குக் கருத்தரித்தல் என்ற பொருளும் உண்டு. மூன்று முறை கருவுற்றும் இவர் ஒன்றையும் ஈன்றெடுக்கவில்லையே என்று ஓர் உறுப்பினர் எழுந்து கேட்டார் என்பது கதை. இந்தக் கதையைச் சொல்லிச் சபையைச் சிரிக்கவைக்க வேண்டும் என்று காந்தி மனப்பாடம் செய்து வந்திருந்தார். எழுந்து முதல் வாக்கியத்தைச் சொன்னதும் மிகுதி மறந்துபோயிற்று. வந்ததற்கு நன்றி என்று கூறி அமர்ந்துவிட்டார். அடிசனின் கதையைச் சொல்லப்போய் தானே அடிசன் ஆனார்.

கூச்சத்துக்கு விலையே இல்லை என்று நான் வாதிட வரவில்லை. பம்பாயில் அவர் ஏற்ற முதல் வழக்கு மமிபாய் என்ற பெண்ணுடையது. கட்டணம் 30 ரூபா. எதிர்த்தரப்புச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய எழுந்தவருக்குத் தலை சுற்றியது. ஒரு கேள்வியும் தோன்றவில்லை. கட்டணத்தைத் திருப்பித் தருவதாகவும் வேறு வழக்கறிஞரை அமர்த்திக்கொள்ளுமாறும் கூறிவிட்டு நீதிமன்றத்தை விட்டு வெளியேறினார். 51 ரூபாவுக்கு படேல் என்பவர் அமர்த்தப்பட்டார். அதன் பின்னர் தென்னாபிரிக்கா செல்லும் வரை காந்தி நீதிமன்றப் படியேறவில்லை. ராஜ்கோட்டில் மனுக்களையும் விண்ணப்பங்களையும் எழுதிக்கொடுத்துப் பிழைத்தார்.

1872 இல் வெளிவந்த, உணர்ச்சி வெளிப்பாடுகள் பற்றிய தனது நூலில் சார்ள்ஸ் டார்வின் இந்தச் சுபாவத்தை ஆராய்ந்திருக்கிறார். தனது பெருமைக்காக அளிக்கப்பட்ட விருந்தொன்றில் பதிலுரைக்க எழுந்த ஒருவர், மனப்பாடம் செய்திருந்த உரை முழுவதையும் ஓசையே வராமல் கையசைவுகளுடன் பேசி முடித்ததாகவும், நிலைமையை உணர்ந்த நண்பர்கள் ஏற்ற இடங்களில் கைதட்டியதாகவும், அந்த மனிதர் தான் நன்றாகப் பேசிவிட்டதாகவே நம்பியதாகவும் டார்வின் எழுதுகிறார். அந்த நண்பர்களை நான் பெரிதும் மதிக்கிறேன். போர்க்களத்தில் வீரனாக நிற்பவனும் அந்நியர் முன் அற்ப விடயங்களில் தடுமாறக்கூடும் என்று கூறி, அச்சத்தையும் கூச்சத்தையும் டார்வின் பிரித்துக் காட்டுகிறார்.

நமது மொழியில் இந்த வேறுபாடு ஏற்கெனவே இருக்கிறது. திருக்குறளில் 'நாணுடைமை' என்று ஓர் அதிகாரம் உண்டு. பழிக்கு அஞ்சும் நாணம் வேறு, பெண்களின் நாணம் வேறு என்று வள்ளுவர் முதலிலேயே வரையறுத்துவிடுகிறார். கூச்சம் இவை இரண்டிலும் அடங்காத மூன்றாவது ஒன்று. வெயிலில் கண் கூசுகிறது. குளிர்ந்த நீரில் பல் கூசுகிறது. பலர் கூடிய இடத்தில் சிலருக்கு மனம் கூசுகிறது. மூன்றுக்கும் ஒரே சொல். கண் கூசுவதைக் கண்ணின் ஒழுக்கக்கேடு என்று எவரும் சொல்வதில்லை. ஆனால், பெண் கூசினால் அணிகலன் என்றும் ஆண் கூசினால் குறை என்றும் நாம் ஒரு கணக்கு வைத்திருந்தோம். இப்போது அந்தக் கணக்கையும் மாற்றி, இருவருக்கும் குறையென்றே ஆக்கிவிட்டோம்.

அமெரிக்காவில் இது நோய்ப் பட்டியல் வரை சென்றது. அந்நாட்டு மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் 1980 இல் 'சமூகப் பீதி' என்ற பெயர் இடம்பெற்றது. 1999 இல் பாக்ஸில் என்ற மாத்திரை இதற்கென அங்கீகாரம் பெற, மனிதர்களே ஒவ்வாமையாகிவிட்டால் எப்படியிருக்கும் என்று கற்பனை செய்யச் சொல்லும் விளம்பரங்கள் வந்தன. சாதாரண சுபாவம் எவ்வாறு நோயாக்கப்பட்டது என்பதைக் கிறிஸ்தோபர் லேன் என்ற பேராசிரியர் 2007 இல் ஒரு நூலாகவே எழுதினார். வீட்டை விட்டு வெளியேறவே முடியாதபடி துன்புறுவோர் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சிகிச்சை தேவை, அதை ஏளனம் செய்வது பாவம். வகுப்பில் கையை உயர்த்தாத சிறுவன் அந்தப் பட்டியலில் சேர்ந்தவன் அல்லன். ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் ஜெரோம் கேகன் நான்கு மாதக் குழந்தைகளுக்குப் புதிய பொருட்களையும் ஒலிகளையும் காட்டிப் பார்த்தபோது, ஏறத்தாழ ஐந்தில் ஒரு குழந்தை கைகால்களை உதறி அழுதது. அவர்களுள் பலர் வளர்ந்து அமைதியான, எச்சரிக்கையான பிள்ளைகளாயினர். தமிழர் 'கூச்சம்' என்று பெயரிட்டது சரிதான் போலும்.

காந்தி தென்னாபிரிக்காவில் கூச்சத்தைக் கடந்துவிட்டார் என்றே பலரும் எழுதுவர். 1893 இல் பிரிட்டோரியாவில் இந்திய வணிகர் மத்தியில், வியாபாரத்தில் வாய்மை பற்றி அவர் பேசியதே வாழ்வின் முதல் பகிரங்கப் பேச்சு எனலாம். ஆனால், தான் அதை முற்றாக ஒருபோதும் வெல்லவில்லை என்றும், ஆயத்தமின்றிப் பேசுவது தன்னால் இயலாதது என்றும் அவரே பின்னர் எழுதினார். கடந்தார் என்பதைவிட, அதற்கேற்ற பாதையை வெட்டிக்கொண்டார் என்பதே பொருத்தம். ராஜ்கோட்டில் மனு எழுதிய கை, 1894 இல் நேட்டால் இந்தியரின் வாக்குரிமைக்காக எழுதிய மனுவில் பதினைந்து நாட்களில் பத்தாயிரம் கையொப்பங்கள் சேர்ந்தன. 1903 ஜூனில் டர்பனில் வெளிவரத் தொடங்கிய 'இந்தியன் ஒப்பீனியன்' ஆங்கிலம், குஜராத்தி, ஹிந்தி ஆகியவற்றுடன் தமிழிலும் அச்சாகியது. லண்டனில் தாளைப் பிறரிடம் கொடுத்து வாசிக்கச் செய்தவர், இப்போது வாரந்தோறும் ஆயிரக்கணக்கானோரை வாசிக்கச் செய்தார். சொற்களில் சிக்கனத்தைக் கூச்சமே தனக்குக் கற்பித்தது என்பது அவர் கூற்று. இலங்கைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் அவர் வந்த 1927 நவம்பரில், இந்த வரலாறெல்லாம் அவருடைய பத்திரிகையில் தொடராக வந்துகொண்டிருந்தது. கதர் நிதிக்காக இங்கு கூடிய கூட்டங்களில் நம்மவர் கேட்டது, அவ்வாறு சிக்கனம் பழகிய ஒருவரின் பேச்சையே.

திங்கட்கிழமைகளில் அவர் மௌனம் காத்தார். அது விரதம், கூச்சமன்று. ஆனால் பேசாதிருப்பதில் அவருக்கிருந்த சுகம் பழையது. 1947 ஜூன் 2 ஆம் திகதி ஒரு திங்கட்கிழமை. பிரிவினைத் திட்டத்தை ஏனைய தலைவர்களிடம் கையளித்த மவுண்ட்பேட்டன், காந்தி என்ன சொல்வாரோ என்ற கலக்கத்துடன் காத்திருந்தார். வந்து அமர்ந்த காந்தி உதட்டில் விரலை வைத்துக் காட்டினார். பின்னர், பழைய கடித உறைகளின் பின்புறத்தில் பென்சிலால் எழுதலானார். அவசர விடயங்களில் உயர் பதவியில் இருப்போருடன் பேசுவதற்கு விதிவிலக்கு வைத்திருப்பதாகவும், ஆயினும் தனது மௌனத்தைக் கலைப்பதை வைஸ்ராய் விரும்பமாட்டார் என்பது தெரியும் என்றும் அதில் எழுதியிருந்தது.