மாதிரி ரயில் அமைப்பும் செங்கோட்டை மலைப்பாதையும்

மாதிரி ரயில் அமைப்பு என்பது தண்டவாளம், என்ஜின், பெட்டிகள், நிலையம், பாலம், மலை, மரம் ஆகியவற்றை ஒரே விகிதத்தில் சிறிதாக்கி மேசை மீது உருவாக்குவது. இது பொம்மை ரயிலிலிருந்து வேறுபட்டது. பொம்மை ரயில் ஓடினால் போதும். மாதிரி ரயிலோ ஒரு குறிப்பிட்ட ஊரை, பாதையை, காலத்தைக் காட்ட வேண்டும். ஒரு பாதை மறைந்த பிறகு அதைப் பதிவு செய்யும் வழிகளில் ஒன்றாகவும் இக்கலை விளங்குகிறது. தென்காசி, குற்றாலம் பகுதியின் மீட்டர்கேஜ் ரயில் பாதை இதற்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு.

கலையின் வளர்ச்சி

ஜெர்மனியின் மார்க்லின் நிறுவனம் 1891-இல் பொம்மை ரயில் தண்டவாளங்களுக்கு நிலையான அளவுகளை வகுத்தது. அதன்பின் வெவ்வேறு காலத்தில் வாங்கிய பெட்டிகளையும் தண்டவாளங்களையும் ஒன்றாக இணைக்க முடிந்தது. இன்று உலகில் பரவலாக உள்ள அளவு எச்.ஓ. எனப்படும் 1:87 விகிதம். இதில் தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ. ஹாம்பர்க் நகரில் 2001-இல் திறக்கப்பட்ட மினியேச்சர் வுண்டர்லாண்ட் இந்த விகிதத்தில் அமைந்த மிகப் பெரிய காட்சியகம். இந்தியாவில் புனே நகரில் பாவ் ஜோஷி தம் பொழுதுபோக்கை வளர்த்து, 1998-இல் சிற்றுரு ரயில் அருங்காட்சியகமாகத் திறந்தார்.

மலைப்பாதையின் வரலாறு

திருநெல்வேலியிலிருந்து தென்காசி வழியாக வந்த மீட்டர்கேஜ் பாதை 1903-இல் செங்கோட்டையை எட்டியது. மேற்குத் தொடர்ச்சி மலையைக் கடந்து புனலூர் செல்லும் பகுதி 1904 நவம்பரில் திறக்கப்பட்டது. தென்காசி அப்போது சென்னை மாகாணத்தில் இருந்தது. அடுத்த நிலையமான செங்கோட்டை திருவிதாங்கூரில் இருந்தது; 1956-இல்தான் அது சென்னை மாநிலத்துடன் இணைந்தது. விருதுநகர் பாதை 1927-இல் வந்தபின் தென்காசி சந்திப்பு நிலையமாயிற்று. குற்றாலத்துக்கு ரயில் நிலையம் இல்லை. சாரல் காலத்தில் அருவியில் குளிக்க வருவோர் தென்காசியில் இறங்கிச் சாலை வழியாகச் சென்றனர்.

விருதுநகர் - தென்காசி - செங்கோட்டைப் பாதை 2004-இல் அகலப் பாதையானது. செங்கோட்டை - புனலூர் இடையே மீட்டர்கேஜ் ரயில்கள் 2010 செப்டம்பரில் நின்றன. 2012-இல் திருநெல்வேலி - தென்காசிப் பாதையும் அகலப் பாதையாயிற்று. மலைப்பகுதியில் முழு அளவிலான அகலப் பாதைப் போக்குவரத்து 2018-இல் தொடங்கியது. கழுதுருட்டியின் பதின்மூன்று கண் பாலம் வலுப்படுத்தப்பட்டு இன்றும் நிற்கிறது. அதன் மேல் ஓடிய மீட்டர்கேஜ் ரயில் இப்போது இல்லை.

அளவுக் கணக்கு

இந்திய அகலப் பாதையின் தண்டவாள இடைவெளி 1676 மி.மீ. 1:87 விகிதத்தில் அது 19.3 மி.மீ. இருக்க வேண்டும். ஆனால் கடையில் கிடைக்கும் எச்.ஓ. தண்டவாளம் 16.5 மி.மீ.; ஐரோப்பாவின் 1435 மி.மீ. பாதைக்காகச் செய்யப்பட்டது. ஆகவே அதில் ஓடும் இந்திய அகலப் பாதை என்ஜின், தன் உடலுக்குப் பொருந்தாத குறுகிய பாதையில் நிற்பதுபோல் தோன்றும்.

மீட்டர்கேஜுக்கு இந்தச் சிக்கல் பெரும்பாலும் இல்லை. 1000 மி.மீ. இடைவெளி 1:87 விகிதத்தில் 11.5 மி.மீ. ஆகிறது. சுவிட்சர்லாந்தின் மீட்டர்கேஜ் மலை ரயில்களுக்காகச் செய்யப்படும் எச்.ஓ.எம். தண்டவாளத்தின் இடைவெளி 12 மி.மீ. வேறுபாடு அரை மில்லிமீட்டர்தான். எனவே இன்று ஓடும் பாதையைவிட, மறைந்துபோன பழைய பாதையையே உண்மைக்கு நெருக்கமாக மேசையில் அமைக்கலாம்.

எடையின் கணக்கு வேறு. நீளம் 87-இல் ஒரு பங்கானால், கன அளவும் அதனுடன் எடையும் 6,58,503-இல் ஒரு பங்காகக் குறையும். 60 டன் என்ஜின் கணக்குப்படி 91 கிராம்தான் இருக்கும். அவ்வளவு இலேசான என்ஜின் ஏற்றத்தில் பெட்டிகளை இழுக்கும்போது சக்கரம் வழுக்கும். அதனால் மாதிரி செய்வோர் என்ஜினுக்குள் ஈயத் துண்டுகளை வைக்கின்றனர். செங்கோட்டை மலைப்பாதையிலும் இதையொத்த சிக்கல் உண்டு. ஏற்றத்தில் ஒரே என்ஜின் போதாமல், வண்டியின் பின்னால் தள்ளுவதற்கு இன்னொன்றும் பூட்டப்பட்டது.

எதை விடுவது

செங்கோட்டையிலிருந்து புனலூர் ஏறத்தாழ 49 கிலோமீட்டர். 1:87 விகிதத்தில் அது 560 மீட்டருக்கு மேல் வரும். எந்த வீட்டிலும் அதற்கு இடமில்லை. வளைவுகளும் இடத்தைக் கேட்கும். 175 மீட்டர் ஆரமுள்ள வளைவு ஒன்றை எடுத்துக்கொண்டால், மாதிரியில் அதன் ஆரம் 2 மீட்டர். ரயில் அரைவட்டமாகத் திரும்ப 4 மீட்டர் அகலம் வேண்டும். ஆகவே எதைக் காட்டுவது, எதைச் சுருக்குவது, எதை முற்றிலும் விடுவது என்று தீர்மானிப்பதே முதல் வேலை. வரலாறு எழுதுபவரும் இதே தீர்மானத்தைத்தான் எடுக்கிறார்.

ஏறத்தாழ 100 மீட்டர் நீளமுள்ள பதின்மூன்று கண் பாலம் மாதிரியில் 1.15 மீட்டர்தான், அதைச் சுருக்காமலே மேசையில் வைக்கலாம். பகவதிபுரத்துக்கும் ஆரியங்காவுக்கும் இடையிலுள்ள, ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளமான குகையை அப்படியே அமைத்தால் 11 மீட்டர் தேவைப்படும். ஆனால் குகைக்குள் ரயில் கண்ணில் படுவதில்லை. இரு வாயில்களையும் மட்டும் அமைத்து, இடைப்பட்ட தூரத்தை மேசைக்கு அடியில் ஒரு சுற்றாக மறைத்துவிடலாம்.

அந்தக் குகை இரண்டு நிலக்காட்சிகளையும் பிரிக்கிறது. கிழக்கு வாயிலுக்கு முன்னால் தென்காசிச் சமவெளி: வயல், குளம், பனை. மேற்கு வாயிலுக்கு அப்பால் அடர்ந்த காடும் ஈரமான பாறையும். ஒரு பக்கம் மறைந்த ரயில் மறுபக்கம் சற்றுத் தாமதித்து வெளிவந்தால், மலையைக் கடந்த உணர்வு பார்ப்பவருக்குக் கிடைக்கும்.

பதிவாக மாதிரி

அருங்காட்சியகத்தில் நிற்கும் பழைய என்ஜின் முழு அளவில் உண்மையானது. ஆனால் அது தனியாக நிற்கிறது. மாதிரி அமைப்பு சிறியது. ஆனால் நிலையமும் கைகாட்டியும், எதிர்வரும் வண்டிக்காகக் காத்திருத்தலும், பின்னால் தள்ளும் என்ஜினும் அதில் ஒன்றோடொன்று தொடர்புடன் இயங்குகின்றன. ஒற்றைப் பாதையில் இரண்டு வண்டிகள் எந்த நிலையத்தில் விலகிக்கொண்டன என்பதைப் புகைப்படத்தைவிட மாதிரி தெளிவாக விளக்கும்.

அதற்கு முன்னதாக அளவுகள் வேண்டும். நடைமேடையின் நீளம், கட்டடத்தின் உயரம், தண்டவாளங்கள் பிரியும் இடங்கள், சுவரின் நிறம் ஆகியவை நிலையம் இடிக்கப்பட்டபின் கிடைப்பது அரிது. மலைப்பாதையின் பாலமும் குகையும் நிற்பதால் அவற்றை இன்றும் அளக்கலாம். அகலப் பாதைக்காக மாற்றப்பட்ட நிலையங்களுக்குப் பழைய வரைபடங்களும், பயணிகளின் குடும்பப் படங்களும், அங்கு பணியாற்றிய ரயில்வே ஊழியர்களின் நினைவுகளுமே ஆதாரம்.