லாக்டேட் தணிவு: முன்னறிகுறியா, சிகிச்சை இலக்கா?

படுகாயமுற்றவரின் இரத்தத்தில் லாக்டேட் எவ்வளவு விரைவாக லிட்டருக்கு 2 மில்லிமோல் என்ற அளவுக்கு இறங்குகிறதோ, அந்த அளவுக்கு அவர் பிழைக்கும் வாய்ப்புக் கூடுகிறது. இதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை. ஆனால், இந்த உறவைக் கண்டதும் ‘லாக்டேட்டை இறக்குவதே சிகிச்சையின் இலக்கு’ என்ற முடிவுக்கு ஓர் ஆய்வு மரபு தாவிவிட்டது. அந்தத் தாவலுக்கு அம்மரபு மேற்கோள் காட்டும் மூலச் சான்றே இடம்கொடுக்கவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1993இல் ஆப்ரம்சனும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட கட்டுரையே அந்தச் சான்று. பல உறுப்புகளில் காயமுற்று, அறுவை அரங்கிலிருந்தோ அவசரப் பிரிவிலிருந்தோ நேரே தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வந்த 76 பேரை அவர்கள் ஆராய்ந்தனர். 24 மணி நேரத்துக்குள் லாக்டேட் இயல்பான 27 பேரும் பிழைத்தனர். 24க்கும் 48க்கும் இடைப்பட்ட நேரத்தில் இயல்பானவர்களில் 75 விழுக்காட்டினர் பிழைத்தனர். 48 மணி நேரத்திலும் இயல்பாகாத 22 பேரில் மூவரே மிஞ்சினர். மேற்கோள்கள் பெரும்பாலும் இதோடு நின்றுவிடுகின்றன.

மேற்கோளில் விடுபடும் பகுதிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இதயம் வெளியேற்றும் இரத்தத்தின் அளவு, திசுக்களுக்குச் சேரும் ஆக்சிஜன், அவை நுகரும் ஆக்சிஜன், காயத் தீவிரக் குறியெண் ஆகிய எதிலும் பிழைத்தோருக்கும் இறந்தோருக்கும் இடையே வேறுபாடு காணப்படவில்லை. ஆக்சிஜன் வழங்கலுக்கு முன்கூட்டி வகுத்த உயர் இலக்குகளை எட்டியும் சிலர் இறந்தனர். எட்டாமலே சிலர் பிழைத்தனர். லாக்டேட் ஆக்சிஜன் பற்றாக்குறையின் நேரடி அளவுகோல் என்றால், லாக்டேட்டில் இவ்வளவு தெளிவாகப் பிரிந்து நின்ற இரு குழுக்கள் ஆக்சிஜன் அளவீடுகளிலும் ஓரளவாவது பிரிந்திருக்க வேண்டும். அப்படிப் பிரியவில்லை. முழு உடல் அளவீடு குடல் போன்ற ஓர் உறுப்பில் மட்டும் நேர்ந்த பற்றாக்குறையை மறைத்துவிடலாம் என்பதை ஏற்கிறேன். அப்படியே வைத்துக்கொண்டாலும், மொத்த ஆக்சிஜன் வழங்கலைக் கூட்டுவதால் அந்த உறுப்பு மீளும் என்று அத்தரவிலிருந்து சொல்ல முடியாது.

வேறு விளக்கம் உண்டு, அது புதியதும் அன்று. காயமுற்ற உடலில் பெருகும் அட்ரினலின், தசை அணுக்களின் சோடியம்–பொட்டாசியம் பம்பை முடுக்குகிறது. அதற்கான ஆற்றலைத் தரும் குளுக்கோஸ் சிதைவு விரைவுபடும்போது, ஆக்சிஜன் போதுமான அளவு இருந்தாலும் லாக்டேட் உயர்கிறது. 1999இல் ‘லான்செட்’ இதழில் ஜேம்ஸ் குழுவினர் இதை வலியுறுத்தினர். லெவி குழுவினர் 2005இல், செப்டிக் அதிர்ச்சியில் இருந்தவர்களின் தசைக்குள் அந்தப் பம்பைத் தடுக்கும் ஊவாபைனைச் செலுத்தி, லாக்டேட் மிகையுற்பத்தி நிற்பதைக் காட்டினர். லாக்டேட்டை அகற்றும் பொறுப்பில் பெரும்பகுதி கல்லீரலுடையது. ஆகவே தணிவு தாமதிப்பது, தீராத அழுத்த நிலையையோ சோர்ந்த கல்லீரலையோ காட்டலாம். இன்னும் நிற்காத இரத்தக்கசிவையும் காட்டலாம். மூன்றுக்கும் சிகிச்சை வேறு.

அடுத்தது காலக் கணக்கு. அந்த 24 மணி நேரம் காயம்பட்ட கணத்திலிருந்து ஓடவில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்ந்ததிலிருந்து ஓடுகிறது. அறுவை மேசையிலேயே இறந்தவர் கணக்கில் வரமாட்டார். நீண்ட அறுவைக்குப் பின் வந்தவரும், விபத்து நடந்த சிறிது நேரத்தில் வந்தவரும் ஒரே ‘பூஜ்ய மணி’யில் தொடங்குகிறார்கள். இவ்வகைப் பகுப்பில் இன்னொரு சிக்கலும் உண்டு: பத்தாம் மணி நேரத்தில் லாக்டேட் தணியாமல் இறப்பவருக்கு, 24ஆம் மணிக்குள் தணியும் வாய்ப்பே கிடைப்பதில்லை. அவரைத் தணியாதோர் வரிசையில் சேர்த்தால், தணியாமை இறப்புக்கு முன்னறிகுறியாகத் தோன்றுவதில் ஒரு பங்கை இறப்பே உண்டாக்கிவிடுகிறது. ‘27 பேரில் 27’ என்பதையும் நிதானமாகப் படிக்க வேண்டும். ஓர் இறப்பும் இல்லாத 27 பேர் குழுவில், உண்மையான இறப்பு விகிதம் ஏறத்தாழ 11 விழுக்காடு வரை இருப்பதை 95 விழுக்காட்டு நம்பக எல்லை மறுக்காது.

மது அருந்தியோரிடம் லாக்டேட் உயரும், ரிங்கர் லாக்டேட் திரவம் அளவீட்டைக் கெடுக்கும் என்ற ஆட்சேபங்கள் இங்கு பெரிதல்ல. அவை முதன்மையாக ஒற்றை அளவீட்டைத்தான் பாதிக்கும். நான் பேசுவது தொடர் அளவீட்டைப் பற்றி.

இலக்கு என்ற கருத்தை நேரடியாகச் சோதித்த ஆய்வு செப்சிஸ் துறையில் இருக்கிறது. 2019இல் வெளியான ஆண்ட்ரோமெடா–ஷாக் ஆய்வில், தென்னமெரிக்காவின் ஐந்து நாடுகளில் 424 நோயாளிகள் இரு பிரிவாக்கப்பட்டனர். விரல் நுனியை அழுத்தி விட்டதும் நிறம் திரும்பும் நேரத்தை இலக்காகக் கொண்ட பிரிவில் 28 நாள் இறப்பு 34.9 விழுக்காடு, லாக்டேட்டை இலக்காகக் கொண்ட பிரிவில் 43.4 விழுக்காடு. இந்த வேறுபாடு மரபான புள்ளியியல் எல்லையைச் சற்றே எட்டவில்லை. செப்சிஸ் முடிவை விபத்துக் காயத்துக்கு அப்படியே பெயர்ப்பதும் தவறு. ஆனாலும், லாக்டேட்டைத் துரத்துவது மேலானது என்பதற்கு அதில் சிறு ஆதரவும் இல்லை. இரத்தம் கசியும் உடலிலோ அந்தத் துரத்தல் இன்னும் ஆபத்தானது: எண்ணை இறக்குவதற்காக ஏற்றப்படும் உப்புத் திரவம் உறைபொருள்களை நீர்த்துப்போகச் செய்து, கசிவையே நீட்டிக்கும்.

லாக்டேட்டை அளக்க வேண்டும், திரும்பத் திரும்ப அளக்க வேண்டும். இறங்கவில்லையென்றால் அடுத்த திரவப் பையைத் தொங்கவிடும் முன் வயிற்றுக்குள் கசிவு, குருதியிழந்த குடல், வீங்கி இறுகிய தசைக்கூடு ஆகியவற்றைத் தேட வேண்டும். தணிவு நேரத்தை ஆராய வருவோர் காயம்பட்ட நேரத்தைத் தொடக்கமாகப் பதிவுசெய்து, 24ஆம் மணியில் உயிரோடிருப்பவர்களை மட்டும் கொண்டு அதன்பின் நேரும் இறப்பைக் கணிக்கட்டும். அதற்கு முன் இறந்தோரைத் தனி அட்டவணையில் காட்டட்டும்.