தாது வருடத்தில் மலைமேல் பிறந்த சபை

விழா மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டுமென்று மலர்க் குழுவினர் கேட்டார்கள். நம் ஆலயம் எழும்பிய வரலாற்றை எழுத என்னைவிடத் தகுதியுள்ள பெரியவர்கள் பங்கில் இருக்கிறார்கள். ஆகவே இந்தக் கோவை மண்ணுக்குச் சொந்தமாக இருந்தும் நாம் மறந்துபோன ஒன்றை எழுதத் துணிகிறேன்.

சில மாதங்களுக்கு முன் மாதா சபைப் பெண்களின் கூட்டத்தில் ஒரு கேள்வி கேட்டேன். எப்.எம்.எம். சிஸ்டர்கள் என்று நாம் அழைக்கும் மரியாயின் பிரான்சிஸ்கன் மறைத்தூதுச் சகோதரிகளின் சபை எங்கே தொடங்கியது? ரோமாபுரி என்றார் ஒருவர். பிரான்சு என்றார் இன்னொருவர். “வெளிநாட்டுச் சபைதானுங்களே சாமி” என்று ஒரு பாட்டியம்மா முடித்துவைத்தார். உண்மையில் அது பிறந்தது உதகமண்டலத்தில். உதகை தனி மறைமாவட்டமானது 1955-ல்தான். சபை பிறந்த காலத்தில் நீலகிரி கோவை மறைத்தளத்தைச் சேர்ந்திருந்தது.

சபையைத் தொடங்கியவர் எலேன் தெ ஷப்போத்தேன் என்னும் பிரெஞ்சுப் பெண்மணி. 1839-ஆம் ஆண்டு நாந்த் நகரில் பிறந்தவர். முதலில் கிளாரா மடத்தில் சேர்ந்து, உடல்நலம் இடங்கொடாமல் வீடு திரும்பினார். பின்னர் 1864-ல் மரியாயின் பரிகார சபையில் சேர்ந்து, பாடுகளின் மரியம்மாள் என்ற துறவறப் பெயர் பெற்றார். மறு ஆண்டே, நவசந்நியாசம் முடியுமுன், மதுரை மறைத்தளத்துக்கு அனுப்பப்பட்டார். சூயஸ் கால்வாய் அப்போது திறக்கப்படவில்லை. அங்கே பணியாற்றிய இயேசு சபைக் குருக்கள், நம் நாட்டுக் கன்னியருக்குப் பயிற்சி அளிக்கவே இச்சகோதரிகளை அழைத்திருந்தார்கள். 1867-ல், 28 வயதில், திருச்சி, தூத்துக்குடி முதலிய இடங்களிலிருந்த மடங்களுக்கெல்லாம் அவர் மாநிலத் தலைவி ஆனார். 1874-ல் உதகையில் ஒரு மடம் நிறுவினார். மேட்டுப்பாளையத்துக்கு ரயில் வந்து அப்போது ஓரிரு ஆண்டே ஆகியிருந்தது. மலை ரயில் குன்னூரை எட்டியது 1899-ல், ஊட்டியை எட்டியது 1908-ல். அதுவரை மேலே போவோருக்கு மலைப்பாதைதான் கதி.

இனி வருவதைத்தான் பக்தி நூல்கள் ஒரே வரியில் தாண்டிவிடும். மதுரை மறைத்தளத்து மடங்களில் பல காலமாகப் புகைந்துகொண்டிருந்த பிளவு 1876-ல் வெடித்தது. பாடுகளின் மரியம்மாளும் அவரோடு சேர்ந்தவர்களுமாக இருபது கன்னியர் பரிகார சபையை விட்டு விலகி, உதகையில் வந்து கூடினார்கள். குருமடத்தில் நான் படித்த காலத்தில் இதை வாசித்தபோது எனக்கு மனம் ஒப்பவில்லை. கீழ்ப்படிதல் வார்த்தைப்பாடு கொடுத்தவர்கள் இப்படிப் பிரியலாமா என்று நினைத்தேன். இந்த வயதில் அவ்வளவு சுலபமாகத் தீர்ப்பிட வாய் வரவில்லை. நான் பணியாற்றிய ஒரு பங்கில் பெண்கள் சபை இரண்டாக உடைந்தது. பிரிந்து போனவர்களுக்கு ஓர் அறையின் சாவிகூடக் கொடுக்காதவன் நான். அவர்கள் கடைசிவரை ஒரு வேப்பமரத்தடியில்தான் செபமாலை சொன்னார்கள்.

அதனால்தான் அன்றைய கோவை ஆயர் பார்தூ ஆண்டகையின் செயல் எனக்குப் பெரிதாகப் படுகிறது. பாரீஸ் வேதபோதக சபையைச் சேர்ந்த அவர் மறைத்தளப் பொறுப்பேற்று இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. எந்தச் சபைக்கும் சொந்தமில்லாத இருபது பெண்களைத் தம் ஆளுகைக்குள் அவர் தங்கவிட்டார்.

காலமும் பொல்லாத காலம். மழை பொய்த்து, சென்னை இராசதானி முழுவதும் தாது வருடப் பஞ்சம் தலைகாட்டிய ஆண்டு அது. கோயம்புத்தூர், சேலம் சீமைகள் கடுமையாக வாடின. புளியங்கொட்டையை இடித்துத் தின்று உயிர் பிழைத்தோம் என்று தன் பாட்டி சொன்னதை என் பாட்டி எங்களுக்குச் சொல்லியிருக்கிறார். 1878-ல் பஞ்சம் ஓய்வதற்குள் நாடு முழுவதும் ஐம்பது இலட்சத்துக்கு மேற்பட்டோர் மாண்டார்கள் என்பது வரலாற்றாசிரியர்களின் கணக்கு.

பஞ்சம் தொடங்கிய அதே 1876-ஆம் ஆண்டின் இறுதியில் அன்னை ரோமாபுரிக்குப் புறப்பட்டார். 1877 சனவரி 6, மூவிராசாக்கள் திருநாளன்று, பாப்பரசர் ஒன்பதாம் பத்திநாதர் புதிய சபைக்கு அனுமதி அளித்தார். ‘மரியாயின் மறைத்தூதர்’ என்பதே அதன் முதற்பெயர். 1882-ல் பிரான்சிஸ்கு அசிசியாரின் மூன்றாம் சபையில் சேர்ந்த பிறகே இன்றைய பெயர் அமைந்தது.

துன்பம் அத்தோடு தீரவில்லை. குற்றச்சாட்டுகள் ரோமாபுரிவரை போய், 1883-ல் அன்னை தலைமைப் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டார். பதின்மூன்றாம் சிங்கராயர் காலத்து விசாரணையில் குற்றமற்றவர் எனத் தெளிந்தபின், 1884-ல் சகோதரிகள் அவரையே மீண்டும் தலைவியாகத் தேர்ந்துகொண்டார்கள். அந்த இடைப்பட்ட மாதங்களில் உதகை மடத்தில் இருந்தவர்கள் என்ன பாடுபட்டிருப்பார்கள் என்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு. ஒரு கடிதம் வந்துசேரவே வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டிய நாட்கள் அவை.

1904-ல் அன்னை இறந்தபோது சபையில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட சகோதரிகள் இருந்தார்கள். அதற்கு நான்கு ஆண்டுகள் முன்னதாக, 1900 சூலை 9-ல், சீனாவின் தையுவான் நகரில் ஏர்மின் அம்மாளும் அவருடைய ஆறு தோழியரும் வேதசாட்சிகளாக இரத்தம் சிந்தினார்கள். மூவர் பிரான்சு, இருவர் இத்தாலி, ஒருவர் பெல்ஜியம், ஒருவர் ஆலந்து. எழுவரையும் 2000 அக்டோபர் முதல் நாளன்று பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் புனிதராக உயர்த்தினார். அன்னைக்கு முத்திப்பேறு பட்டம் 2002-ல் கிடைத்தது. சென்னையில் இச்சகோதரிகள் தொடங்கிய ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரி திறக்கப்பட்டது 1947 ஆகஸ்டு 15-ல், நாடு விடுதலை பெற்ற நாளிலேயே.

இன்னொரு செய்தியையும் சொல்லவேண்டும். கோவையின் முதல் ஆயராயிருந்த பிரெசில்லாக் ஆண்டகை, சாதி வழக்கங்கள் பற்றிய சர்ச்சையில் மனம் நொந்து 1855-ல் பதவி விலகினார். மறு ஆண்டே லியோன் நகரில் ஆப்பிரிக்க மறைத்தூதுச் சபையை நிறுவினார். மனம் உடைந்தவர்கள் இந்த மறைத்தளத்திலிருந்து வெளியே போயிருக்கிறார்கள். இங்கே வந்து ஒதுங்கியும் இருக்கிறார்கள்.

எப்.எம்.எம். சபைக்கு 150 ஆண்டு நிறைவு 2027 சனவரி 6-ல். அதையொட்டி உதகைக்கு ஒரு வேன் ஏற்பாடு செய்துதரும்படி மாதா சபைப் பெண்கள் கேட்டிருக்கிறார்கள். “வெளிநாட்டுச் சபை” என்ற பாட்டியம்மாதான் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தார். சனவரி மாதத்து உறைபனி கடுமையாக இருக்கும், எல்லோரும் கம்பளி எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.