ஒரு வருஷ ‘மெடிக்கல் அசிஸ்டென்ட்’ கோர்ஸ்: கட்டுற பணம் எப்போ திரும்ப வரும்? சேர்வதற்கு முன் போட வேண்டிய கணக்கு

பிளஸ் 2 ரிசல்ட் வந்த வாரத்திலேயே பஸ் ஸ்டாண்ட் சுவர்களில் அந்த போஸ்டர்கள் வந்துவிடும். ‘நர்சிங் அசிஸ்டென்ட், லேப் டெக்னீசியன், மெடிக்கல் அசிஸ்டென்ட்... ஒரே வருடம், 100% வேலை’. கீழே ஒரு செல்போன் நம்பர். கோர்ஸ் பீஸ் எவ்வளவு, வேலைக்குப் போனால் சம்பளம் எவ்வளவு என்பது மட்டும் போஸ்டரில் இருக்காது.

மார்க் குறைந்தவர்களுக்கும், எம்பிபிஎஸ், பி.எஸ்சி நர்சிங் கனவு கைகூடாதவர்களுக்கும் இது கண்ணில் படும் முதல் கதவு. நகையை அடகு வைத்துச் சேர்க்கும் வீடுகள் நிறைய. அதனால் கணக்கை முதலிலேயே போட்டுவிடலாம்.

பேர் ஒண்ணு, படிப்பு வேற

அமெரிக்காவில் ‘மெடிக்கல் அசிஸ்டென்ட்’ என்பது தனி வேலை. கிளினிக்கில் பிபி பார்ப்பது, நோயாளி விவரம் பதிவது, டாக்டருக்கு உதவுவது எல்லாம் அதில் வரும். அங்கே 2024-ல் இவர்களின் இடைநிலை ஆண்டுச் சம்பளம் சுமார் 44,000 டாலர். யூடியூபில் சுற்றுவது இந்தக் கணக்குதான். இங்கே ஒரு டிரஸ்ட் கொடுக்கும் ஒரு வருஷ சர்டிபிகேட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

இந்தியாவில் நர்ஸ் என்று பதிவு செய்ய இந்திய நர்சிங் கவுன்சில் ஏற்ற படிப்பு வேண்டும். ஏ.என்.எம் 2 வருஷம், ஜி.என்.எம் 3 வருஷம், பி.எஸ்சி நர்சிங் 4 வருஷம். ‘டிப்ளமோ இன் நர்சிங் அசிஸ்டென்ட், 1 வருஷம்’ இந்த வரிசையில் இல்லை. அதைப் படித்தவர் ஆஸ்பத்திரியில் உதவியாளராக வேலை பார்க்கலாம், ஆனால் நர்ஸாகப் பதிவு செய்ய முடியாது.

லேப், டயாலிசிஸ், எக்ஸ்ரே போன்ற படிப்புகளுக்கு 2021-ல் தனிச் சட்டம் வந்தது. அதன்படி டிப்ளமோ என்றால் குறைந்தது 2,000 மணி நேரப் பயிற்சி, 2 முதல் 4 வருஷம். பட்டப்படிப்பு என்றால் 3,600 மணி நேரம். ‘ஆறே மாசத்துல லேப் டெக்னீசியன்’ என்று யாராவது சொன்னால் இந்த எண்களை நினைவில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

செலவு: பீஸ் பாதிதான்

இனி கணக்கு. இதில் வரும் தொகைகள் உதாரணத்துக்குத்தான், உங்க ஊர் நிலவரத்துக்கு மாத்திக்கோங்க.

தனியார் கல்லூரியில் 2 வருஷ டிப்ளமோ, வருஷத்துக்கு 60,000 ரூபாய் பீஸ் என்றால் 1.2 லட்சம். ஹாஸ்டல், மெஸ் மாதம் 5,000 வீதம் 20 மாதத்துக்கு 1 லட்சம். யூனிஃபார்ம், புத்தகம், தேர்வுக் கட்டணம், பஸ் எல்லாம் 20,000. மொத்தம் 2.4 லட்சம். கவுண்டரில் சொன்னது 1.2 லட்சம், வீடு கொடுத்தது அதைப் போல இரண்டு மடங்கு.

இன்னொரு செலவை யாரும் எழுதுவதே இல்லை. அதே பிள்ளை இந்த 2 வருஷம் ஜவுளிக்கடையில் மாதம் 9,000-க்கு வேலைக்குப் போயிருந்தால் 2.16 லட்சம் வந்திருக்கும். அதையும் சேர்த்தால் 4.56 லட்சம்.

சம்பளம்: கையில் வருவது எவ்வளவு?

படித்து முடித்து 13,000 ரூபாய்க்கு வேலை கிடைக்கிறது என்று வைப்போம். முழுத் தொகைக்கும் பி.எஃப் 12% பிடித்தால் 1,560, இ.எஸ்.ஐ 0.75% என்பது 98 ரூபாய். கைக்கு வருவது சுமார் 11,340. பி.எஃப் நம்ம பணம்தான், தொலைந்து போகாது. ஆனால் அதை வைத்து ரூம் வாடகை கட்ட முடியாதே! 2 லட்சத்துக்கு நகைக்கடன் 12% வட்டியில் இருந்தால் மாதம் 2,000 அதற்கே போகும்.

கடையில் இருந்திருந்தால் இந்நேரம் 10,000 வந்திருக்கும். ஆக, படிப்பால் கூடுதலாகக் கிடைப்பது மாதம் 3,000, வருஷத்துக்கு 36,000. 2.4 லட்சத்தை மீட்கவே 6 வருஷம் 8 மாதம் ஆகும். இழந்த சம்பளத்தையும் சேர்த்தால் 12 வருஷத்துக்கும் மேல். இதே படிப்பு பதிவுக்குத் தகுதியாகி, சம்பளம் 20,000-க்குப் போனால் 4.56 லட்சமும் 4 வருஷத்துக்குள் வந்துவிடும். இரண்டுக்கும் பீஸ் ஒன்றுதான். வித்தியாசம் சர்டிபிகேட்டில் இருக்கிறது.

அதற்காக அங்கீகாரம் இருந்தால் போதும், நல்ல சம்பளம் தானாக வரும் என்றும் நம்ப வேண்டாம். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியமான எம்.ஆர்.பி நடத்திய தேர்வில் ஜெயித்து 2015-ல் ஒப்பந்த அடிப்படையில் சேர்ந்த செவிலியர்களுக்கே ஆரம்பத் தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய்தான். பிறகு 14,000, 18,000 என உயர்ந்தது. பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் போராடும் செய்தியை நம்ம ஸ்கிரீனிலேயே பலமுறை பார்த்திருப்பீர்கள்.

செலவே இல்லாத வழி இருக்கா?

இருக்கு. நோயாளியைக் குளிப்பாட்டுவது, படுக்கை மாற்றுவது, ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோவது போன்ற வேலைக்கான பயிற்சிக்குப் பெயர் ‘ஜெனரல் டியூட்டி அசிஸ்டென்ட்’. மத்திய அரசின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில் இது இலவசம், சில மாதங்களில் முடிந்துவிடும். கிராமப்புற இளைஞர்களுக்கு தீன்தயாள் உபாத்யாய கிராமின் கௌசல்யா யோஜனாவும் உண்டு. கிட்டத்தட்ட இதே வேலைக்குத்தான் சில இடங்களில் ஆயிரக்கணக்கில் பீஸ் கட்டிப் படிக்கிறார்கள். சம்பளம் பெரிதாக இருக்காது, ஆனால் கடனும் இருக்காது.

அரசு மருத்துவக் கல்லூரிகளிலும் டயாலிசிஸ், தியேட்டர், அவசர சிகிச்சை டெக்னீசியன் போன்ற சான்றிதழ் படிப்புகளும் 2 வருஷ லேப் டெக்னீசியன் டிப்ளமோவும் இருக்கின்றன. பீஸ் தனியாரில் ஒரு சின்ன பங்குதான். நம்ம கணக்கில் அந்த 1.2 லட்சம் பீஸை எடுத்துவிட்டால், அதே 13,000 சம்பளத்திலும் கைச்செலவு மூன்றரை வருஷத்துக்குள் திரும்பிவிடும். விண்ணப்ப அறிவிப்பைத் தவறவிட்டுவிட்டு தனியாரில் சேர்வதுதான் நிறைய பேருக்கு நடக்கிறது. லேப் படிப்புக்கு அறிவியல் குரூப் வேண்டும். ஏ.என்.எம்-க்கு ஆர்ட்ஸ் குரூப் மாணவிகளும் போகலாம்.

சேர்வதற்கு முன் என்ன பார்க்கணும்?

முதலில் பேங்க்குக்குப் போய் அந்தக் கல்லூரி பெயரைச் சொல்லிக் கல்விக் கடன் கிடைக்குமா என்று கேளுங்கள். 4 லட்சம் வரை அடமானம் தேவையில்லை, படிப்பு முடிந்து ஒரு வருஷம் வரை தவணை தொடங்காது. ஆனால் அங்கீகாரம் இல்லாத படிப்பு என்றால் கை விரித்துவிடுவார்கள். கடன் வாங்கும் எண்ணமே இல்லாவிட்டாலும் கேட்டுப் பாருங்கள், இலவச சோதனை இது. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்கள் புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாய் இந்தப் படிப்புக்கு வருமா என்றும் அலுவலகத்தில் விசாரிக்கலாம். பதில் மழுப்பலாக வந்தால் உஷார்.

‘100% வேலை’ என்றால் போன வருஷம் முடித்தவர்கள் எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள் என்று கேட்டு, இரண்டு பேரிடமாவது போனில் பேசுங்கள். சம்பளத்தோடு, நைட் டியூட்டி எத்தனை, தங்க இடம் தருகிறார்களா, பயிற்சிக் காலத்தில் காசு உண்டா என்பதையும் கேளுங்கள். கட்டும் ஒவ்வொரு தொகைக்கும் ரசீது வாங்குங்கள். கல்லூரியோ ஆஸ்பத்திரியோ, ஒரிஜினல் மார்க் ஷீட்டை ‘இங்கேயே இருக்கட்டும்’ என்று சொன்னால் சரிபார்த்ததும் கையோடு திரும்ப வாங்கிவிடுங்கள். ஜெராக்ஸ் கொடுத்தால் போதும்.