டெண்டர் தாளில் ஒரு தமிழ்ச் சொல்

மலேசிய அரசாங்க டெண்டர் தாளில் தமிழ் உண்டா? உண்டு.

1957-இல் மலாயா விடுதலை பெற்ற பிறகும் பத்தாண்டுகள் ஆங்கிலம் அலுவல் மொழியாக நீடித்தது. 1967-இல் தேசிய மொழிச் சட்டம் வந்தது. டெண்டர் தாள்களும் மெல்ல மலாய்க்கு மாறின. பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் வட்டாரச் சிறு குத்தகையாளருக்கு இது வயிற்றுப்பாட்டு விஷயம். ஒரு நிபந்தனையைப் பிழையாகப் படித்தால் வேலை கைநழுவிப் போகும்.

'கொட்டேஷன்' என்பது 'செபுட் ஹார்கா' ஆயிற்று. விலையைச் சொல் என்று பொருள். தமிழ்நாட்டில் 'ஒப்பந்தப்புள்ளி' என்று புதுச்சொல் ஆக்கினார்கள். மலாயோ 'டெண்டர்' என்பதை அப்படியே வைத்துக்கொண்டது. அதிலும் தவறில்லை, படிப்பவருக்குப் புரிகிறதே! நிபந்தனைக்கு 'சியாரட்', அரபுச் சொல். 'ஹார்கா' வடமொழி வழி வந்தது. குத்தகையாளரின் மூலதனத்தைக் கேட்கும் இடத்தில் 'மோடல்' என்றிருக்கும். கடல் கடந்த வணிகத்தோடு மலாய்க்குள் போன தமிழ் 'முதல்'தான் அது.