கரைப்பான் தெரிவு (நீர்ம–நீர்மப் பிரித்தெடுப்பு)

ஒரு நீர்மத்தில் கரைந்துள்ள பொருளைப் பிரித்தெடுக்க, அந்நீர்மத்துடன் கலவாத வேறொரு நீர்மத்தைத் தேர்ந்தெடுத்தல். சமநிலையில் இரு அடுக்குகளிலும் அப்பொருளின் செறிவு விகிதம், மாறா வெப்பநிலையில், மாறிலி என்பது வால்டர் நெர்ன்ஸ்ட் 1891இல் வகுத்த பகிர்வு விதி. அந்தப் பகிர்வுக் குணகம் உயர்ந்திருப்பது முதல் தகுதி. அது மட்டும் போதாது.

தேயிலைச் சாற்றிலிருந்து கஃபீனை எடுக்க ஆய்வகங்களில் டைகுளோரோமீத்தேன் பயன்படுகிறது. நீரைவிடப் பல மடங்கு கஃபீன் அதில் கரையும். கொதிநிலை ஏறத்தாழ 40 பாகை செல்சியஸ் என்பதால் எளிதில் ஆவியாக்கலாம். அடர்த்தி 1.33 ஆதலால் பிரிபுனலின் அடியில் தங்கும். கரிம அடுக்கு எப்போதும் மேலே நிற்கும் என்று பழகிய மாணவர் வேண்டியதைக் கொட்டிவிடுவது இங்கேதான். வேகமாகக் குலுக்கினால் பால்போன்ற குழம்பாகும். சிறிது உப்பிட்டால் பெரும்பாலும் பிரியும். டைகுளோரோமீத்தேனின் குறை நச்சுத்தன்மை. ஈத்தைல் அசிட்டேட் தீங்கு குறைந்தது, ஆயினும் நீரில் ஓரளவு கரைந்து இழப்பு தரும்.

கல்பாக்கத்தில் அணு எரிபொருள் மறுசெயலாக்கத்துக்குப் பயன்படும் டிரைபியூட்டைல் பாஸ்பேட்டின் அடர்த்தி (0.97) நீருக்கு நெருக்கம்; ஆகவே அடுக்குகள் விரைந்து பிரிய, டோடெக்கேன் போன்ற இலேசான ஹைட்ரோகார்பனில் கலந்து, பொதுவாக 30 விழுக்காடாக, அது பயன்படுத்தப்படுகிறது.

ஆவியாகாத அயனித் திரவங்கள் புதிய வகை; பிசுக்குமையும் விலையும் தடை. மலேசியாவில் ஈப்போ–லூமுட் தடத்திலுள்ள செரி இஸ்கண்டாரில், பெட்ரோனாஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இவற்றுக்கென ஆய்வு மையம் உள்ளது.