கம்பம் பள்ளத்தாக்கும் பென்னிகுயிக்கும்

ஒரு ஊரின் அடையாளம் எது? மதுரைக்கு மல்லிகை, திருநெல்வேலிக்கு அல்வா என்று உடனே சொல்லிவிடலாம். கம்பத்துக்கு 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற பன்னீர் திராட்சை இருக்கிறது. ஆனால் கம்பம் பள்ளத்தாக்கு மக்களைக் கேட்டால் திராட்சைக்கு முன்னால் ஒரு மனிதரின் பெயரைச் சொல்வார்கள். அவர் ஒரு வெள்ளைக்காரர்!

பென்னிகுயிக் படம் கடைகளிலும் வீடுகளிலும் சாமி படத்தோடு மாட்டப்பட்டிருக்கிறது. பிள்ளைகளுக்கு அந்தப் பெயரை வைக்கிறார்கள். தேனி பேருந்து நிலையத்துக்கும் அவர் பெயர்தான். ஜனவரி 15 அவர் பிறந்தநாள். அன்று அவருக்காகப் பொங்கல் வைக்கிறார்கள்.

காரணம் தண்ணீர். மலைக்கு அந்தப் பக்கம் மழை கொட்டும், இந்தப் பக்கம் பொய்க்கும். பெரியாறு மேற்கே ஓடிக் கடலில் கலந்தது. அதைக் கிழக்கே திருப்பும் யோசனை முதலில் வெள்ளையருக்கு வந்ததல்ல. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ராமநாதபுரம் பிரதானி முத்திருளப்ப பிள்ளை மலைக்கு ஆள் அனுப்பிப் பார்த்தார். பணம் இல்லாமல் அது நின்றுபோனது. 1876-78 தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிறகுதான் ஆங்கில அரசு வேகம் காட்டியது. 1886 அக்டோபர் 29-ல் திருவிதாங்கூருடன் 999 ஆண்டு குத்தகை ஒப்பந்தம். 1887-ல் வேலை தொடங்கியது. 1895-ல் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகத் தண்ணீர் இந்தப் பக்கம் வந்தது. இன்று பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் வயல்கள் அந்தத் தண்ணீரை நம்பியே இருக்கின்றன.

வெள்ளத்தில் கட்டுமானம் அடித்துப் போனதும் பென்னிகுயிக் இங்கிலாந்தில் சொத்தை விற்று அணையைக் கட்டி முடித்தார் என்பது ஊரறிந்த கதை. இதற்கு உறுதியான ஆவணம் கிடைக்கவில்லை என்கிறார்கள் ஆய்வாளர்கள். ஆனால் காய்ச்சலிலும் காலராவிலும் நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் அந்தக் காட்டிலேயே மாண்டது உண்மை. அவர்கள் படம் எந்தச் சுவரிலும் இல்லை...

ஓய்வுக்குப் பின் பென்னிகுயிக் ஆஸ்திரேலியாவுக்கும் போனார் என்பது பலருக்குத் தெரியாது. 1893-ல் பெருவெள்ளம் கண்ட பிரிஸ்பேன் நகருக்கு, வெள்ளத்தைக் குறைக்கும் வழி பற்றி 1899-ல் அறிக்கை கொடுத்தார். அங்கே அவர் அறிக்கை எழுதிய என்ஜினியர். இங்கே வீட்டுப் பெரியவர். பஞ்சத்தைப் பார்த்த ஊருக்குத்தான் தண்ணீரின் அருமை தெரியும்!

2011 டிசம்பரில் அணைப் பிரச்சினை வெடித்தபோது ஆயிரக்கணக்கானோர் குமுளி நோக்கித் திரண்டார்கள். 2013 ஜனவரி 15-ல் லோயர் கேம்ப்பில் மணிமண்டபம் திறக்கப்பட்டது. 2014-ல் 142 அடி வரை நீர் தேக்க உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. அணைக்குக் கீழே வாழும் இடுக்கி மக்களுக்கோ வேறு பயம். அதே இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்குத்தான் கம்பத்துப் பெண்கள் விடியற்காலையில் ஜீப் ஏறிக் கூலி வேலைக்குப் போகிறார்கள். தண்ணீரும் கூலியும் ஒரே மலையிலிருந்துதான் வருகின்றன.

பென்னிகுயிக் பிறந்தது இங்கிலாந்தில் அல்ல, 1841-ல் புனேயில். ஆனால் இந்த ஊருக்கு அது முக்கியமே இல்லை. தண்ணீர் கொடுத்தவன் சொந்தக்காரன், அவ்வளவுதான். அந்த நன்றியில் பெயர் தெரியாத தொழிலாளர்களுக்கும் ஒரு பங்கு உண்டு. அடுத்த ஜனவரி 15-ல் அவர்களுக்கும் சேர்த்துப் பொங்கல் பொங்கட்டும்!